திங்கள்கிழமை மட்டும் ஏன் ஓட்டை விழுது? - ஒரு மாணவியின் ஆறு வார இன்டர்ன்ஷிப்!

செமஸ்டர் தேர்வு முடியும் நேரத்தில், இன்ஜினீயரிங் மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே பேச்சுதான். ``இன்டர்ன்ஷிப் எங்க பண்ற?'' அந்தக் கேள்விக்குப் பின்னாலேயே ஒரு ஃபார்வர்டு மெசேஜும் வந்துவிடும். `நேரில் வரத் தேவையில்லை. பணம் கட்டினால் போதும். சான்றிதழ், ரிப்போர்ட் இரண்டும் மெயிலில் வந்துவிடும்.'

மாணவர்களை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ம் ஆண்டு பாடத்திட்டப்படி, மூன்றாம் ஆண்டு முடிந்து வரும் கோடை விடுமுறையில் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு கிரெடிட் என்று கணக்கு. ஏழாவது செமஸ்டரில் அதை மதிப்பிடுவார்கள். கிரெடிட் வேண்டும், சான்றிதழ் வேண்டும், ஆனால் இடம் கொடுக்கும் கம்பெனி கிடைக்க வேண்டுமே? கதவைத் தட்டிச் சலித்தவர்கள், கடைசியில் அந்த ஃபார்வர்டு மெசேஜில் இருக்கும் நம்பருக்கு போன் போடுகிறார்கள்.

சோமனூர் பக்கத்தைச் சேர்ந்த ஒரு மெக்கானிக்கல் மாணவியும் அந்த நம்பரை எழுதி வைத்திருந்தார். அப்பா விசைத்தறிக் கூலித் தொழிலாளி. அம்மா நூல் சுற்றுகிறார். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவர்தான். கேட்ட பணத்தைப் புரட்டுவதே கஷ்டம் என்பதால்தான், நேரில் போய் வேலை பார்க்கும் இன்டர்ன்ஷிப்பைத் தேடியிருக்கிறார். ``காசு இருந்திருந்தா நானும் சர்டிஃபிகேட்டை வாங்கிட்டு வீட்டுலதான் இருந்திருப்பேன்'' என்று சிரிக்கிறார். தன் பெயரும் கம்பெனியின் பெயரும் வேண்டாம் என்பது அவருடைய ஒரே வேண்டுகோள்.

ஏழு கம்பெனிகள் கையை விரித்த பிறகு, எட்டாவதாக இடம் கொடுத்தது கோவை கணபதி பகுதியில் இருக்கும் ஒரு சிறிய பவுண்டரி. பம்ப்செட்டுக்கான இரும்பு உதிரிபாகங்களை வார்த்துக்கொடுக்கும் வார்ப்பட ஆலை. சம்பளம் கிடையாது. மதியச் சாப்பாடும் டீயும் உண்டு.

பம்ப் ஊரின் அடுப்படி

கோவையை `பம்ப் சிட்டி' என்று சும்மா சொல்வதில்லை. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய பிறகு இங்கே மில்கள் பெருகின. மில்லுக்கு உதிரிபாகம், கிணற்றுக்கு மோட்டார் என்று பட்டறைகளும் கூடவே வளர்ந்தன. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உருவாக்கியதுதான் இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் என்று சொல்வார்கள். இன்றைக்கும் நாட்டின் பல மூலைகளில் விவசாயிகளின் கிணற்றில் ஓடும் பம்ப் கோவையில் செய்ததாக இருக்கும்.

அந்த பம்ப்பின் உடம்பு பிறக்கும் இடம் பவுண்டரி. களிமண் தன்மையுள்ள பென்டோனைட்டையும் தண்ணீரையும் மணலில் கலந்து, பெட்டிக்குள் இறுக்கி அச்சு எடுப்பார்கள். இதுதான் மோல்டிங். பம்ப்புக்குள் தண்ணீர் ஓட வழி வேண்டுமல்லவா? அந்த வெற்றிடம் வரும் இடத்தில், தனியாகச் செய்த கெட்டி மணல் கட்டி ஒன்றை வைப்பார்கள். அதற்குப் பெயர் `கோர்'. சுமார் 1,400 டிகிரி சூட்டில் உருகிய இரும்பை ஊற்றி, ஆறிய பிறகு உள்ளே இருக்கும் கோரை உடைத்து எடுத்துவிட்டால் பம்ப்பின் கூடு தயார்.

பாடப் புத்தகத்தில் இது நான்கு பக்கம். நேரில் பார்க்கும்போது அது வேறு. ``மொத நாள் இரும்பு ஊத்தறதைப் பாத்துட்டு ரெண்டு அடி பின்னாடி போயிட்டேன். முகமெல்லாம் சூடு. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிச்சா, கருப்பா தண்ணி ஓடுது. அம்மா அழுதுட்டாங்க. `பொம்பளப் புள்ளைய இரும்படிக்கவா படிக்க வெச்சோம்'னு கேட்டாங்க'' என்கிறார் மாணவி.

அம்மாவைச் சமாதானப்படுத்தியது அப்பா. ``நான் முப்பது வருஷமா தறி ஓட்டறேன். தறி ஏன் நிக்குதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அதை எழுதிக் காட்டத் தெரியாது. நீ ரெண்டையும் கத்துக்க கண்ணு'' என்றாராம்.

ஓரமா நில்லும்மா!

முதல் வாரம் முழுவதும் மாணவிக்குக் கிடைத்த ஒரே உத்தரவு, ``ஓரமா நில்லும்மா!'' அங்கே யாருக்கும் இவர்மேல் கோபம் இல்லை. நேரமும் இல்லை. உருகிய இரும்பைத் தூக்கிக்கொண்டு வருபவர்களின் வழியில் யார் நின்றாலும் ஆபத்துதான்.

இன்டர்ன்ஷிப் போகும் பலர் இந்தக் கட்டத்தில்தான் மனம் வெறுத்துவிடுகிறார்கள். `ஒண்ணுமே சொல்லித்தரலை' என்று இரண்டாவது வாரம் காணாமல் போய்விடுவார்கள். இவரும் கிளம்பலாமா என்றுதான் யோசித்திருக்கிறார். அந்த நேரத்தில் ஆலையின் சூப்பர்வைசர் ஒரு தடிமனான நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ``சும்மா நிக்கறதுக்கு இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடு.''

அது ரிஜெக்ஷன் நோட்டு. எந்தத் தேதியில், எந்தப் பாகத்தில், எத்தனை பீஸ், எந்தக் குறையால் கழிக்கப்பட்டது என்று ஒரு வருடமாகக் கையால் எழுதிய கணக்கு. எண்ணெய்க் கறையும் கரியுமாக இருந்த அந்த நோட்டை ஏற்ற அவருக்கு நான்கு நாள்கள் ஆயின. ஏற்றி முடித்ததும், யாரும் சொல்லாமலே ஒரு வேலை செய்தார். தேதிகளைக் கிழமைகளாகப் பிரித்தார்.

திங்கள்கிழமை தனியாகத் தெரிந்தது. பம்ப்பின் கூட்டில் `பிளோ ஹோல்' எனப்படும் காற்று ஓட்டை விழுந்து கழிக்கப்பட்டவை, மற்ற கிழமைகளைவிடத் திங்களில் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தன.

பிளோ ஹோல் சாதாரணக் குறை இல்லை. வெளியே பார்த்தால் வார்ப்பு நன்றாக இருக்கும். லேத்தில் மேல்தோலைச் சீவும்போதோ, தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும்போதோதான் ஓட்டை தெரியும். அதற்குள் உருக்கிய மின்சாரம், மோல்டரின் உழைப்பு, லேத் ஓட்டிய நேரம் எல்லாம் செலவாகியிருக்கும். இரும்பை மறுபடி உருக்கிக்கொள்ளலாம். மற்றவை திரும்ப வராது. சோதனையிலும் தப்பிவிட்டால், யாரோ ஒரு விவசாயியின் தோட்டத்தில் அந்த பம்ப் ஒழுகும்.

`ஞாயித்துக்கிழமை குடிச்சுட்டு வர்றாங்க!'

நோட்டில் பார்த்ததை மாணவி சூப்பர்வைசரிடம் சொன்னார். அவருக்கு ஆச்சர்யமே இல்லை. ``இதைக் கண்டுபிடிக்க நோட்டு எதுக்கும்மா? ஞாயித்துக்கிழமை குடிச்சுட்டு, திங்கக்கிழமை தூங்கி வழிஞ்சுகிட்டே மோல்டிங் போடறாங்க. ஓட்டை விழாம என்ன பண்ணும்?''

அங்கே மோல்டிங் போடுபவர்களில் பெரும்பாலானோர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்குப் பீஸ் கணக்கில் கூலி. நல்ல பீஸுக்குத்தான் காசு. கழிக்கப்பட்ட பீஸுக்கு இல்லை. அதாவது, திங்கள்கிழமை விழுந்த ஒவ்வோர் ஓட்டையும் அவர்கள் கூலியில் கழிந்துகொண்டிருந்தது.

மாணவி மறுபடியும் நோட்டுக்குப் போனார். அதே ஆட்கள், அதே திங்கள்கிழமை, `பேஸ் பிளேட்' என்கிற இன்னொரு பாகத்தையும் வார்த்திருந்தார்கள். அதில் ஓட்டை கூடவில்லை, எல்லாக் கிழமையும் ஒரே மாதிரி இருந்தது. அடுத்து மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தார். மார்ச், ஏப்ரல் மாதங்களில் திங்கள்கிழமைக்கும் மற்ற நாள்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜூன், ஜூலையிலும், அக்டோபர், நவம்பரிலும்தான் எகிறியது.

``குடிக்கறவங்க மார்ச் மாசமும் குடிப்பாங்கல்ல சார்?'' என்று கேட்டிருக்கிறார். சூப்பர்வைசர் பதில் சொல்லவில்லை. ஆனால், அன்றைக்கு மாலை டீ வாங்கிக் கொடுத்தார்.

பேஸ் பிளேட்டுக்கும் பம்ப் கூட்டுக்கும் என்ன வித்தியாசம்? பேஸ் பிளேட்டுக்கு உள்ளே வெற்றிடம் இல்லை. அதற்கு கோர் தேவையில்லை. பம்ப் கூட்டுக்குத் தேவை. சந்தேகம் கோர் பக்கம் திரும்பியது.

`பூத்துப்போன கோர், அம்மிணி!'

கோர் செய்யும் பகுதியில் வேலை பார்ப்பவர்கள் பெண்கள். மாணவி தினமும் அவர்களோடு உட்கார்ந்துதான் மதியம் சாப்பிடுவார். அங்கே பதினைந்து வருடமாகக் கோர் போடும் ஓர் அக்காவிடம் பேச்சுவாக்கில் கேட்டார்.

``அக்கா, திங்கக்கிழமை வைக்கற கோர் எப்பப் போட்டதுங்க?''

``சனிக்கிழமை போட்டது அம்மிணி. ஞாயித்துக்கிழமை லீவுல்ல? சனிக்கிழமை மத்தியானம் நெறையப் போட்டு அடுக்கிவெச்சுட்டுப் போயிருவோம். மழை நாள்ல திங்கக்கிழமை வந்து பாத்தா, மேல வெள்ளையாப் பூத்திருக்கும். கையில எடுத்தாலே ஓரம் உதிரும்.''

``இதை யாருகிட்டயாச்சும் சொன்னீங்களாக்கா?''

``யாரு கேட்டாங்க?''

அந்த `பூத்தல்' புத்தகத்திலும் இருக்கிறது. இந்த ஆலையில் கோர் மணலில் சோடியம் சிலிக்கேட்டைக் கலந்து, கார்பன் டை ஆக்ஸைடு வாயுவைச் செலுத்தி இறுக்குகிறார்கள். வாயு அதிகமாகப் போய்விட்டால், வைத்திருக்கும் நாள்களில் சோடியம் பைகார்பனேட் வெள்ளைப் பொடியாக வெளியே பூக்கும், கோரும் வலுவிழக்கும். இந்த வகைக் கோர் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும் ஜூன், ஜூலை மாதங்களில் இது இன்னும் மோசம்.

ஈரமான கோர்மேல் உருகிய இரும்பு பட்டால் என்ன ஆகும்? தண்ணீர் ஆவியாகும்போது, சாதாரண அழுத்தத்தில் அதன் கொள்ளளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகும். அந்த ஆவிக்கு வெளியேற வழி கிடைக்காவிட்டால் இரும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதுதான் ஓட்டை.

இதெல்லாம் அதுவரை ஊகம்தான். நிரூபிக்க ஒரு திங்கள்கிழமை வேண்டும்.

ஆணியால் ஒரு கோடு

முதலாளியிடம் அனுமதி கேட்டபோது அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். உற்பத்தி நிற்கக் கூடாது. நான்கு வாரத்துக்குப் போன மாணவி, கல்லூரியில் கேட்டு இன்னும் இரண்டு வாரம் நீட்டித்துக்கொண்டார்.

அந்தத் திங்கள்கிழமை, கோர் போடும் அக்காவும் இன்னொருவரும் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து 20 கோர் புதிதாகப் போட்டார்கள். இன்னொரு 20 அச்சில் வழக்கம்போல சனிக்கிழமை கோர். மணல், இரும்பு, ஆட்கள் எல்லாம் ஒன்றுதான். ஆனால், வார்த்து முடித்த பிறகு எது புதுசு, எது பழசு என்று எப்படி அடையாளம் காண்பது?

வழி சொன்னவர் பீகாரிலிருந்து வந்த ஒரு மோல்டர். மணல் அச்சில் ஆணியால் ஒரு கோடு கீறிவிட்டால், வார்ப்பில் அது மேடாக விழும். அழிக்கவே முடியாது. புதுக் கோர் வைத்த அச்சுகளில் மட்டும் அவரே கோடு கீறிக்கொடுத்தார்.

வியாழக்கிழமை சோதனை முடிந்தது. பழைய கோரில் நான்கு ஓட்டை. புதுக் கோரில் ஒன்று. ``ஒரு நாள் கணக்கை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னு எனக்கே தெரிஞ்சுது'' என்கிறார் மாணவி. அடுத்த திங்களும் அதேபோலச் செய்தார்கள். பழையதில் ஐந்து, புதியதில் ஒன்று. இரண்டு வாரத்தையும் சேர்த்தால், 40 பழைய கோரில் ஒன்பது, 40 புதுக் கோரில் இரண்டு.

முதலாளி அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு கோர் பகுதிக்கு எழுந்து போனார். ``அந்தப் பக்கம் அவர் போய் நான் பாத்ததே இல்லைன்னு எல்லாரும் சொன்னாங்க'' என்கிறார் மாணவி.

மாறியதும் மாறாததும்

இப்போது மழை மாதங்களில் சனிக்கிழமை கோர் சேர்த்துவைப்பதில்லை. கோர் போடும் பெண்கள் சனிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறார்கள். திங்கள்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாக வருகிறார்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வர வேண்டிய இருவருக்கு அது முடியாது என்றதால், அவர்களுக்கு மட்டும் பழைய நேரமே. வாயுவை எத்தனை விநாடி விடுவது என்பதையும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

கோர் கெட்டுப்போய் விழும் ஓட்டைக்கு மோல்டரின் கூலியைக் கழிப்பதில்லை என்றும் முடிவானது. ஆனால், ஏற்கெனவே கழித்த பணம் திரும்பி வரவில்லை. மாணவி அதைப் பற்றியும் கேட்டிருக்கிறார். ``அது உன் ரிப்போர்ட்டுல வராது கண்ணு'' என்று முடித்துவிட்டார்கள்.

ரிப்போர்ட்டில் அவர் ஒரு வரி எழுதினார். `இந்தக் குறைக்கான காரணம் மோல்டிங் தொழிலாளர்களின் கவனக்குறைவு அல்ல.' நன்றி சொல்லும் பக்கத்தில் முதல் பெயராகக் கோர் போடும் அக்காவின் பெயரையும், இரண்டாவதாக ஆணிக்கோடு சொல்லித்தந்த மோல்டரின் பெயரையும் போட்டார்.

கல்லூரியில் மதிப்பீட்டின்போது பெரிய கைத்தட்டல் எல்லாம் இல்லை. `சாஃப்ட்வேர் எதுவும் பயன்படுத்தலையா?' என்பதுதான் முதல் கேள்வி. எக்ஸெல்லில் கிழமைவாரியாகப் பிரித்ததைக் காட்டினார். ஒரு பேராசிரியர் மட்டும் அந்த நோட்டின் போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, ``பேஸ் பிளேட்டைப் பாக்கணும்னு எப்படித் தோணுச்சு?'' என்று கேட்டார். ``அவங்கமேல தப்பு இல்லைன்னு காட்ட வேற வழி தெரியலைங்க மேடம்'' என்பது மாணவியின் பதில்.

சான்றிதழில் கம்பெனி எழுதியிருப்பது வழக்கமான நான்கு வரிகள்தான். வேலைக்கான உத்தரவாதம் எதுவும் இல்லை. வளாகத் தேர்வுகளுக்கு இனிமேல்தான் தயாராக வேண்டும். அம்மா மட்டும் உறவினர்களிடம், ``எம்புள்ள இரும்பு உருக்கற கம்பெனியில வேலை பாத்துச்சு'' என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்.

இன்டர்ன்ஷிப் தேடுகிறீர்களா? இதையெல்லாம் கவனியுங்கள்!

* பணம் கேட்டால் உஷார். வேலைக்கே போகாமல் சான்றிதழ் வாங்கினால், நேர்முகத் தேர்வில் `அங்கே என்ன செய்தீர்கள்?' என்ற ஒரே கேள்வியில் சிக்கிக்கொள்வீர்கள்.

* சிறிய கம்பெனிகளையும் கேளுங்கள். பெரிய நிறுவனங்களில் போட்டி அதிகம். சிட்கோ தொழிற்பேட்டைகளிலும் உங்கள் ஊர்ப் பட்டறைகளிலும் கல்லூரிக் கடிதத்தோடு நேரில் போய்க் கேட்கலாம். தேர்வு முடியும்வரை காத்திருக்காமல், இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

* அரசு வழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏ.ஐ.சி.டி.இ-க்குத் தனி இன்டர்ன்ஷிப் போர்ட்டல் இருக்கிறது. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய `நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கான திறன் பயிற்சிகள் உண்டு. 2024-ல் அறிமுகமான பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையுடன் வந்தது. ஆனால், அறிமுகமானபோது அது 21 முதல் 24 வயதுக்குட்பட்ட, முழுநேரப் படிப்பில் இல்லாதவர்களுக்கானதாக இருந்தது. 

* முதல் நாளே கேட்க வேண்டியவை. யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும், பாதுகாப்பு ஷூவும் கண்ணாடியும் யார் தருவார்கள், கழிப்பறை எங்கே, மாலை எத்தனை மணிக்குக் கிளம்பலாம். பெற்றோர் இவற்றைக் கேட்பதில் தவறே இல்லை.

* தினமும் எழுதுங்கள். தேதி, பார்த்த வேலை, புரியாத ஒரு விஷயம். மூன்று வரி போதும். ரிப்போர்ட் எழுதும்போது அதுதான் கைகொடுக்கும். கம்பெனியின் கணக்கு, படங்களை எடுப்பதற்கு முன் அனுமதி வாங்கிவிடுங்கள்.

* எல்லோரிடமும் பேசுங்கள். மேனேஜருக்குத் தெரிந்தது ஒரு பாதி. இயந்திரத்துக்குப் பக்கத்தில் வருடக்கணக்கில் நிற்பவருக்குத் தெரிந்தது இன்னொரு பாதி. `அண்ணா, இது ஏன் இப்படி ஆகுது?' என்று கேட்டால் சொல்லிக்கொடுக்காதவர்கள் குறைவு. பல இடங்களில் அவர்களிடம் அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்!